சுண்ணாம்பு காயும் வரை

ராயபுரத்தில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும் சாலையோரம் ஒரு கும்மட்டம் இருக்கிறது. வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் தன் பெண்டாட்டிக்குக் கட்டிய கல்லறை மண்டபம். அவள் வந்த கப்பல் கரை தெரியும் தூரத்தில் முழுகிவிட்டது, பிணம் கிடைக்கவில்லை. ஆகவே உள்ளே யாரும் கிடையாது. பிறகு அது உப்புக் கிடங்காக இருந்தது, போர்க்காலத்தில் சிப்பாய்கள் தங்கினார்கள், கடைசியில் யாரும் சீந்தாமல் எங்கள் குப்பத்துப் பெண்களிடம் வந்து சேர்ந்தது.

கடலுக்குப் போய் உடல்கூடத் திரும்பாதவனுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மீன் அரியும் கத்தியால் அவன் பெயரைக் கும்மட்டத்தின் உள்சுவரில் கீறி, மேலே சுண்ணாம்பு அடித்து மூடிவிடுவோம். அந்த ஈரம் காயும் வரை அழலாம். காய்ந்ததும் எழுந்து வியாபாரத்துக்குப் போய்விட வேண்டும். வருஷா வருஷம் அதே இடத்தில் மறுபடி சுண்ணாம்பு, மறுபடி அழுகை.

மங்கை என் பக்கத்தில் மீன் விற்பவள். அவள் வாய்க்குப் பயந்து போலீஸ்காரர்கூடப் பேரம் பேசமாட்டார். புருஷன் ரகுபதியின் படகு மட்டும் நெட்டுக்குப்பம் முகத்துவாரத்தில் கவிழ்ந்து ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. அவனுக்காக அவள் அழுது நான் பார்த்தது கும்மட்டத்துக்குள் மட்டும்தான்.

போன மழையில் கூரை ஒழுகி, ரகுபதியின் பெயர் இருந்த சுவர் ஊறிப்போனது. மங்கை சும்மா இருப்பாளா? எங்களையும் இழுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள்.

"எம் புருசன் உள்ள கீறான் சார். மேல ஒழுவிகினு கீது. இடிஞ்சி வுயுந்தா நான் எங்க போவேன்?"

அதிசயமாக, காது கொடுத்தார்கள். சாரம் கட்டினார்கள். எங்களை உள்ளே விடவில்லை. மங்கை வெளியிலிருந்தே வேலையாட்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

வேலை முடிந்து உள்ளே போனோம். சுவரெல்லாம் வெறும் செங்கல். வெள்ளைக்காரியின் பெயரைப் புதுக் கல்லில் பொறித்திருந்தார்கள்.

"சுண்ணாம்பு எங்க சார்?" என்றாள் மங்கை.

"அது பின்னாடி யாரோ பூசினதும்மா. சுரண்டினாத்தான் ஒரிஜினல் தெரியும்" என்றார் மேற்பார்வையாளர்.

"சுரண்டினத இன்னா பண்ணீங்க?"

"எர்ணாவூர் பக்கம் ரோட்டுப் பள்ளம் ரொப்ப லாரியில போயிடுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளைக்காரியும் கடலோடு போனவள்தான். அவளுக்குக் கல், எங்கள் ஆண்கள் மேல் லாரிச் சக்கரம். ஆனால் யாரைத் திட்டுவது? போய்க் கேட்டவர்களே நாங்கள்தான்.

ரகுபதி போன நாள் வந்தது. மங்கை சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தாள். காவல்காரர் மறித்தார்.

"செவுத்துல கை வெக்கக்கூடாதுக்கா. ஆர்டர்."

அவள் சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். வாளியை இறக்கிவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். வெயில் ஏறியது. நான் மீன் கூடையை ஒருத்தியிடம் விட்டுவிட்டுப் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"போதும் மங்கே, எந்திரி. வியாபாரத்துக்கு நேரமாவுது."

அவள் வாளியைக் காட்டினாள்.

"இன்னும் அடிக்கவே இல்லியேக்கா. எப்டி காயும்?"