பிளீச்சிங் தண்ணீரில் குளித்த வேன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வாங்கி மெடிக்கல் கடைகளுக்குப் போடும் ஜபருல்லாவுக்குத் தன் மூளையைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். "நம்ம மூளைய நாமதான் மெச்சிக்கிடணும்" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

அந்த மூளையில் உதித்த யோசனைகளில் பெரியது, பழைய ஆம்னி வேனைக் கழுவும் முறை. துணி எடுக்கப் போகும் பட்டறையில், வெளுத்து மிச்சமாகும் பிளீச்சிங் தண்ணீர் சாக்கடைக்குத்தானே போகிறது என்று வாரம் தவறாமல் வாளி வாளியாக மொண்டு ஊற்றுவார். மேலே மட்டுமில்லை, குனிந்து அடிப்பாகம் வரைக்கும் வாரி அடிப்பார். வேன் கண்ணைப் பறிக்கும். வாட்டர் வாஷுக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும்.

கொஞ்ச நாளாக பிரேக் ஒரு மிதியில் பிடிப்பதில்லை. இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கும். பிரேக் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. வேறொருவர் என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பார். ஜபருல்லாவோ, வயசானால் தாகம் கூடத்தான் செய்யும் என்று ஆயிலை ஊற்றிக்கொண்டு, இரண்டு மிதியைத் தன் ஓட்டும் திறமையில் சேர்த்துக்கொண்டார்.

மகள் ஹஸீனா ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நாற்காலி பிடிக்கவில்லை. லைசென்ஸ் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளுக்குச் சரக்குப் போடும் லைனைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் அம்மா அப்ரோஸ் பேகத்தைச் சம்மதிக்க வைக்கவே ஒரு ரமலான் போயிற்று. முதல் நாள் சாவியைக் கொடுத்து, "ரெண்டு தடவ மிதிக்கணும், மறந்துராத" என்று சொல்லிவிட்டு ஜபருல்லா பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் பால் கேனோடு ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஹஸீனா பிரேக்கை மிதித்தாள். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வேனை ஏற்றி நிறுத்தினாள். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஜபருல்லாவின் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, ரெண்டு மிதின்னு. ஒனக்கெல்லாம் எதுக்குட்டி லைசென்சு?"

கடைவாசல்களில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஹஸீனா சாவியை அவர் மடியில் வைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினாள். வீட்டில், "எனக்கு வண்டி சரிப்படாது அத்தா. பழைய வேலைக்கே போறேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜபருல்லாவுக்கும் சோறு இறங்கவில்லை.

கட்டி இழுத்து வந்த வேனுக்கு அடியில் மெக்கானிக் எட்வின் படுத்திருந்தான். "பாய், இதத் தொட்டுப் பாருங்க" என்றான். ஜபருல்லா தொட்டார். துருப்பிடித்த பிரேக் பைப் முறுக்கு மாதிரி நொறுங்கி விழுந்தது.

"கடல்லயா ஓட்டுனீய?"

"பிளீச்சிங் தண்ணியிலதான்பா கழுவுவேன்" என்று ஜபருல்லா வழக்கமான பெருமையோடு ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே விளங்கிவிட்டது.

எட்வின் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள இருவது தடவ மிதிச்சாலும் நின்னுருக்காது பாய். மணல்ல ஏத்துச்சு பாருங்க, அதுதான் புத்தி. நீங்கன்னா மிதிச்சுக்கிட்டே போயி இடிச்சிருப்பீய."

"அம்புட்டுப் பைப்பையும் மாத்திரு" என்றார் ஜபருல்லா.

பழைய பைப்புகளைக் கழற்றி, அதே வளைவில் புதியவற்றை வளைத்து எட்வின் மாட்டினான். கடைசியில் பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற, உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். ஜபருல்லா ஏறி உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கால் மிதித்தது, விட்டது, மறுபடி மிதித்தது. விடும்போதெல்லாம் காற்று உள்ளே போனது.

"மிதிச்சு அப்படியே பிடிங்கன்னா, தையல் மெஷின் ஓட்டுதீய. ஒழுங்கா மிதிக்க ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க."

தெருவில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். ஜபருல்லா வீட்டுக்குப் போனார்.

"செத்த நேரம் வாரியாம்மா? பிரேக் மிதிக்க ஆள் வேணும்."

"எனக்குத்தான் மிதிக்கத் தெரியாதே அத்தா."

அவர் நின்றபடியே சொன்னார். "ஒம் மேல தப்பே இல்லம்மா. பைப்ப அரிச்சது நான் ஊத்துன பிளீச்சிங் தண்ணி. நீ மணல்ல ஏத்தலன்னா அந்தச் சைக்கிள்காரரும் இல்ல, நாமளும் இல்ல."

"அப்ப எதுக்கு அம்புட்டுப் பேரு முன்னால என்னைய ஏசுனீங்க?"

அவருடைய மூளை வழக்கம்போல நாலைந்து பதில்களை எடுத்து நீட்டியது. ஒன்றுகூடத் தேறாது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கே தெரிந்தது.

"பயந்துட்டேம்மா. ஒனக்கு என்னமும் ஆயிருந்தா என்ன செய்வேன்னு... ரொம்பப் பயந்துட்டேன்."

ஹஸீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "பயமா இருந்தா பயமாருக்குன்னு சொல்லுங்க. ஏசாதீங்க."

எட்வின் 'மிதி' என்றபோது மிதித்தாள். 'விடு' என்கிறவரை பிடித்திருந்தாள். நாலு சக்கரத்துப் பைப்பிலும் காற்று வெளியேறி முடிந்ததும் பெடல் கல்லாக நின்றது.

அடுத்த லோடை ஏற்றிக்கொண்டு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார்கள். லாரி எதிரே வந்தபோது ஜபருல்லா "பயமாருக்கும்மா" என்றார். டவுன் பஸ் உரசிக்கொண்டு போனபோது சொன்னார். ரோட்டோரம் சும்மா நின்ற ஒரு ஆட்டைப் பார்த்தும் சொன்னார். ஹஸீனா ஒவ்வொரு தடவையும் "சரி அத்தா" என்றாளே தவிர, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கவில்லை.