கழிவுத்தொட்டியில் பேய் பிடித்தவள்

நாற்றம் இல்லாத தொழில் உலகத்தில் கிடையாது. ஆனால் அந்த நாற்றத்தைப் போத்தலில் அடைத்து, லேபிள் ஒட்டி, ஐஸ் வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொண்டுபோகிற தொழில் எங்களுடையது ஒன்றுதான். கழிவுத்தண்ணீர் மாதிரி எடுக்கிறவர்களே, கையுறை போட்ட பிறகு மூக்கு அரித்து, சொறிய முடியாமல் தவித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படிக்கவும்.

பேஜா, பேயா?

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த நாட்களில், தெஹியோவிட்டப் பக்கத்து எங்கள் றப்பர் தோட்டத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் எல்லாருடைய குரலிலும் பேசிக் காட்டியதுதான். தோட்டத் துரை, கணக்கப்பிள்ளை, கோயில் ஸ்பீக்கர், கீழ் லயத்து வரிசை வீட்டுச் சேவல் எல்லாம் எனக்கு வரும். இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு வேலையும் வந்தது. அவிசாவளையில் ஒரு லேபில் ஆராய்ச்சி செய்யும் ஃபர்ஹானா மிஸ்ஸுக்கு, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கழிவுத்தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். "கிருமிக்கும் காய்ச்சல் வரும் புள்ள. அந்தக் காய்ச்சலக் குடுக்குற வைரஸுக்குப் பேருதான் பேஜ். அது நம்மளத் தொடாது, கிருமியத்தான் கொல்லும்" என்று மிஸ் விளக்கினார். அதை நான் உடனே அவர் குரலிலேயே திருப்பிச் சொன்னேன். அப்படியும் வேலை கொடுத்தார்.

"எம் மக பேஜ் புடிக்கிற வேலைக்குப் போறா" என்று அம்மா பால் வெட்டும் மலையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். காலையில் மலையில் சொன்ன 'பேஜ்', பால் நிறுக்கும் ஸ்டோருக்கு இறங்கி வருவதற்குள் கடைசி எழுத்து கழன்று விழுந்துவிட்டது. சாயங்காலம் எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு மாரியாயி அக்கா, புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "பாப்பா, இவருக்குத் தெனமும் தவறணையில சாராயத்தோட ஒரு பேய் ஏறுது. நீ புடிக்கிறதோட சேத்து இதையும் ஒரு போத்தல்ல அடைச்சிட்டுப் போயிரு!"

ஏழும் தோற்றது

முதல் வாரம் மிஸ் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்க மங்கலான பால் ஆடை மாதிரி கிருமி. அதன் மேல் ஏழு சின்ன வட்டக் காகிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அன்டிபயோட்டிக் மருந்து. மருந்து வேலை செய்தால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி செத்து, தட்டு தெளிவாகத் தெரியும். இங்கே ஏழு காகிதத்தின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து, சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"இது எந்தத் தொட்டித் தண்ணி மிஸ்?" என்றேன். சுத்திகரித்து முடித்து வெளியே விடுகிற தண்ணீராம். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் இறங்குவது எங்கள் ஓடையில். அதில்தான் எங்கள் மூன்று லயமும் குளிக்கிறது. அந்தக் கிருமியைத் தின்கிற பேஜ் ஒன்றையாவது கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான், தொட்டியில் அதைப் பரிசோதிக்க மிஸ்ஸுக்கு அனுமதி கிடைக்கும். "கிருமி ஈக்கிற எடத்துலதான் அதத் தின்னுறதும் ஈக்கும் புள்ள. மாசக் கடைசிக்குள்ள கொண்டு வா. இல்லாட்டி ஆராய்ச்சிக்கு எனக்கு வேற ஊரு கெடைக்கும், ஒங்களுக்கு அதே ஓட."

வெனிலா

அன்றிலிருந்து அவிசாவளை பஸ்ஸில் நானும் என் லேசான வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டியும். அந்தப் பெட்டியைக் கண்டாலே எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஐஸ் பழம்தான் ஞாபகம் வரும். சிங்களக் கண்டக்டர் என்னைத் தங்கச்சியாக்கி, "நங்கி, வெனிலா இருக்கா?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஐஸ் பழம் விற்கும் த்ரீவீலர் போடுகிற பாட்டை வாயாலேயே எடுத்துவிட்டேன். பின் சீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் எழும்பி ஓடிவந்தார்கள்.

பிள்ளைகளுக்கு முன்னால் கண்டக்டரே மூடியைத் தூக்கினார். போத்தலைப் பார்த்தார். லேபிளை வாசித்தார். மூடியை ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் மெதுவாக மூடினார். "நங்கி, இந்த சீட் முழுக்க ஒங்களுக்குத்தான். நாங்க எல்லாம் பின்னால நின்னுக்கிறோம்."

கல்யாண வாசம்

மூன்று பெட்டி கொண்டுபோனேன். மிஸ் அந்தத் தண்ணீரைக் கிருமிகூட நுழைய முடியாத, பேஜ் மட்டும் நுழைகிற வடிகட்டியில் வடித்து, கீழே இறங்கியதைக் கிருமித் தட்டில் ஊற்றுவார். பேஜ் இருந்தால் மறுநாள் தட்டில் ஓட்டை ஓட்டையாகத் தெரிய வேண்டும். மூன்று முறையும் ஒரு ஓட்டைகூட இல்லை. மாசம் முடிய ஆறு நாள் இருந்தது.

மூன்றாவது பெட்டியில் மிச்சமிருந்த போத்தலைத் திறந்து மிஸ் மூக்கருகில் கொண்டுபோனார். முகம் மாறியது. "புள்ள, இது கக்கூஸ் தண்ணியா, கல்யாண ஊட்டு வாசலா?" நானும் மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டில் தரை துடைக்கிற மல்லிகை வாசத் திரவம். கிருமி, பேஜ் என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்கிற சாமான்.

சாயங்காலம் எடுத்த போத்தல்கள் காலை பஸ் வரைக்கும் எங்கள் காம்பராவில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் அம்மா ஒவ்வொரு போத்தலிலும் ஒரு மூடி ஊற்றி, குலுக்கி வைத்திருக்கிறாள். கேட்டதற்குக் கொஞ்சமும் அசரவில்லை. "படிச்ச பொம்பளப் புள்ள மூஞ்சிக்கு முன்னால நாத்தத் தண்ணியவா நீட்டுவாங்க? நாளைக்கு நம்ம லயத்தத்தானே கேவலமாப் பேசுவாங்க!"

ஐயாவின் குரல்

போத்தல் மட்டும் குற்றவாளி இல்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்கிற சுனில் மாமா, நான் பொம்பளைப் பிள்ளை என்பதால், எப்போதும் கடைசித் தொட்டியின் தெளிந்த தண்ணீரைத்தான் எடுத்துத் தருவார். எனக்கு வேண்டியதோ ஆஸ்பத்திரிக் கழிவு முதலில் வந்து விழுகிற தொட்டி. எடுக்கலாம் என்று மிஸ் வாங்கிக் கொடுத்த கடிதமே என் கையில் இருந்தது. சுனில் மாமா கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா வாயால சொல்லணும் நே" என்று ஒரு சிங்கள 'இல்லையா'வும் சேர்த்துச் சொன்னார். ஐயா என்றால் அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி. தொண்டையில் எப்போதும் கொஞ்சம் சளி கட்டியிருக்கும் குரல்.

இன்னும் மூன்று நாள். நான் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போனேன். சளியை வரவழைத்து ஒரு இருமல் இருமிவிட்டு, ஐயாவின் சிங்களத்தில் ஒரு அதட்டுப் போட்டேன்: "சுனில்! அர பியன அரின்ன!" அந்த மூடியைத் திற என்று அர்த்தம். சுனில் மாமா பாய்ந்து போய் இரும்பு மூடியை நெம்பித் தூக்கினார். உள்ளே இருந்து வந்த நாற்றத்தில் எனக்கு என் குரலே மறந்துபோனது. போத்தல்களை நிரப்பிவிட்டு, ரொம்ப அப்பாவியாக நன்றி சொன்னேன். அவர் மூடியை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்தார். "நங்கி, ஐயா மாற்றலாகிப் போய் ரெண்டு நாள். ஆனா அந்த இருமல் மட்டும் அசல் நே, அதுக்காகத்தான் திறந்தேன்."

ஓட்டை

அன்று போத்தல்கள் எங்கள் காம்பராவுக்குப் போகவே இல்லை. சுனில் மாமாவே தன் மோட்டார் சைக்கிளில் என்னையும் பெட்டியையும் ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார். அங்கே பஸ் பிடித்து அன்றே லேபில் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை லேபுக்குப் போனால், மிஸ் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து அசையாமல் நின்றிருந்தார். ஏழு மருந்துக்கும் அசையாத அந்தப் பால் ஆடையில் ஓட்டை! ஒன்று இரண்டு இல்லை, ஆப்பத்தில் விழுகிற மாதிரி தட்டு முழுக்க ஓட்டை. மிஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். துரை, கணக்கப்பிள்ளை, கோயில் ஸ்பீக்கர், கீழ் லயத்துச் சேவல் என்று எனக்குத் தெரிந்த அத்தனை குரலிலும் நான் கூவினேன். அடுத்த அறையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள்.

இரண்டு நாளில் அனுமதி வந்தது. முழுத் தொட்டிக்கு இல்லை. ஓரமாக ஒரு சின்னத் தொட்டி கட்டி, ஓடைக்குப் போகிற தண்ணீரை முதலில் அதில் பரிசோதிக்கலாம். ஒரே பேஜை நம்பினால் கிருமி அதற்கும் பழகிவிடுமாம். அதனால் இன்னும் நாலைந்து வேண்டும், அதனால் என் வேலையும் நீண்டது. சோதனை முடியும் வரை நாங்கள் குளிக்க, மேல் மலையிலிருந்து பைப் போட்டுத் தருவதாகத் தோட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். பைப் வந்த அன்று மாரியாயி அக்கா அதிலே முதல் ஆளாகக் குளித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இடம் விட்டார்.

கண்டுபிடித்த ஆள்தான் பேர் வைக்க வேண்டும் என்று மிஸ் ஒரு படிவத்தை நீட்டினார். நான் யோசிக்கவே இல்லை. 'பேய் – 1' என்று எழுதினேன். மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தின் பிரதியை லயத்துக்குக் கொண்டுவந்து சத்தமாக வாசித்தேன். தலை ஈரத்தோடு நின்ற மாரியாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "பேயின்னுதானே எழுதியிருக்கு? நான் அன்னைக்கே சொன்னேன்ல, எவளாச்சும் நம்புனீங்களா!"

இப்போது மூன்று லயமும் என்னைப் 'பேய் பிடித்தவள்' என்றுதான் கூப்பிடுகிறது, சக துன்பவாசிகளே, நானும் மறுப்பதில்லை, இலக்கணப்படி பார்த்தால் அது சரிதானே.