உதடு மடிந்த ஒயில் சீல்

அந்த ஒயில் சீல் என் உள்ளங்கையில் கிடந்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. கறுப்பு ரப்பர் வளையம். இஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் உட்கார்ந்து ஒயிலை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் ஒரே வேலை. அதன் உள்விளிம்பு, நாங்கள் உதடு என்று சொல்வது, ஒரு விரலளவுக்கு மடிந்து நசுங்கியிருந்தது. பூட்டும்போது ஒயில் தடவாமல் அப்படியே அடித்து இறக்கினால் அப்படித்தான் மடியும். டிப்ளோமா படிப்பின் முதலாம் வருடத்திலேயே சொல்லித் தந்த விஷயம். பூட்டியவன் நான்தான்.

பதுளையில் ஒரு கராஜில் சேர்ந்து அப்போது ஆறு மாதம். கையில் டிப்ளோமா, வாய் அதைவிட நீளம். வேன், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசைக்கு, அதாவது லயத்துக்கு, இரண்டு லயம் தள்ளியிருந்த அக்காவுடையது. பதினான்கு பிள்ளைகளைத் தினமும் பசறைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினார். அந்த ரோட்டில் பொம்பளை வேன் ஓட்டுவதா என்று முகம் சுளித்த வீடுகளில் ஏறி இறங்கி, ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுச் சேர்த்த வேலை அது. ஒயில் ஒழுகியதும், நம்ம தோட்டத்துப் பிள்ளை படித்திருக்கிறானே என்று என்னைத் தேடியே வந்தார். அன்று மத்தியானம் கிரிக்கெட் மேட்ச். அவசர அவசரமாகச் சீலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனில் மேட்ச் பார்த்தேன்.

பத்தாம் நாள் வேனைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஒழுகிய ஒயில் கிளச் தட்டில் பட்டு, ஏற்றத்தில் கிளச் வழுக்கி, பிரேக் பிடிப்பதற்குள் வேன் பின்னால் உருண்டு, ரோட்டோரத் தண்ணீர்க் கானில் டயர் இறங்கி நின்றிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெற்றோர் மூன்று பேர் அக்காவோடு வந்திருந்தார்கள்.

"என்ன கோளாறு தம்பி?" என்றார் ஒருவர்.

கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை நான். "கிளச்சுல கால வச்சிக்கிட்டே ஓட்டுனா எந்த சீலும் தாங்காதுங்க. இது வேனு, தையல் மெஷின் இல்ல."

இரண்டு பேர் சிரித்தார்கள். கால் வைப்பதற்கும் சீல் ஒழுகுவதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். சிரிக்க வைத்ததே பெருமையாக இருந்தது.

"நான் அப்படி ஓட்டுற ஆளில்ல," என்றார் அக்கா.

"படிச்ச புள்ள சொல்லுதுல்ல, சும்மா இரும்மா," என்றார் மூன்றாமவர்.

அவர்கள் போன பிறகுதான் கியர்பொக்ஸைக் கழற்றினேன். அந்த மடிந்த உதடு கைக்கு வந்தது அப்போதுதான். முதலாளி ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார்; கராஜில் வேறு யாருமில்லை. அக்காவின் நம்பர் போனில் இருந்தது. நான் சீலைக் கழிவு ஒயில் பீப்பாவுக்குள் போட்டேன். பிறகு புதிய சீலின் உதட்டைச் சுற்றி விரலால் ஒயில் தடவி, பாடத்தில் படித்தபடியே அழகாகப் பூட்டினேன். எப்படிச் செய்வதென்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இன்றுவரை கூசவைப்பது அதுதான்.

சாயந்தரம் வேனை எடுக்க வந்த அக்கா மெதுவாகக் கேட்டார். "நல்லா பாத்தியா தம்பி? என் காலாலதான் போச்சா?"

"ஆமாக்கா. இனி கவனமா ஓட்டுங்க."

வேன் அதற்குப் பிறகு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பிள்ளைகள்தான் ஒவ்வொருவராக வேறு வேனுக்குப் போனார்கள். வருடம் முடிவதற்குள் அக்கா வேனை விற்றுவிட்டார்.

போன மாதம் பதுளை பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். டவுனில் துணிக்கடை வேலையாம். சீட் இருந்தும் உட்காராமல் டிரைவருக்குப் பின்னால் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "அண்ணே, ரெண்டாவது கியர போடுங்க, இஞ்சின் அழுவுது," என்றார். "நீங்களே வந்து ஓட்டுங்களேன்," என்றார் டிரைவர். அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல், இறங்கியதும் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டு, கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "எங்கிட்ட எதுக்கு சொல்ற? நான் எப்படி ஓட்டுனேன்னு எனக்குத் தெரியும். அந்த மூணு பேருகிட்ட போய்ச் சொல்லு."

"இந்த ஞாயித்துக்கெழமயே சொல்றேங்க்கா."

நான்கு ஞாயிறு போய்விட்டது. நான்கிலும் லயத்தில்தான் இருந்தேன், அவர்களும் இருந்தார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் என்னை வழியில் நிறுத்தி, தன் மகனையும் என்னைப் போலவே படிக்க வைக்கப் போவதாகச் சொன்னார். "எந்தப் பாடம் எடுக்கணும் தம்பி?" என்று கேட்டார்.

அதற்கு மட்டும் நின்று, விளக்கமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.