மாப்பிள்ளை பார்த்த அத்தை

ஆண் பாலியல் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று உறவினர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. "துறைமுக வரலாறு" என்பேன். பொய்யும் இல்லை. கப்பல்காரர்கள் கரையிறங்கிய காலத்தில் தொடங்கி இன்றைய கைப்பேசிச் செயலி வரை பினாங்கில் இந்தத் தொழில் நடந்த கதைதான் என் ஆய்வு.

அன்று மத்தியானம் கெலுகோரில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில், எனக்குப் பேட்டி கொடுத்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத சட்டை. உடம்பு பிடித்துவிடுவதும் அதற்கு மேல் ஆண்கள் கேட்டு வருவதும் அவர் தொழில். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவருடைய அக்கா அவரை வாசற்படி ஏறவிடுவதில்லை.

"என் கதைய ஆய்வுலேருந்து எடுத்துடுங்க மிஸ். பேர் இல்லாட்டியும் அக்கா படிச்சா கண்டுபுடிச்சிடும் லா," என்றார்.

அவர் கதை போனால் என் ஆய்வில் பாதி உயிர் போய்விடும். கெஞ்சலாமா என்று யோசிக்கும்போதே, பசாரிலிருந்து கறிகாய்ப் பையோடு என் அத்தை வந்து நின்றார்.

முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாதவள் ஓர் ஆணோடு உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்தால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெறும் வாயை மெல்லும் அத்தைக்கு அவல் கிடைத்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பிக்கு என்ன நட்சத்திரம்?"

"ரோகிணி, ஆன்ட்டி."

சொல்லியே விட்டார்! மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அது அத்தையின் கால்.

"என்ன வேலைப்பா?"

"உடம்பு புடிச்சு விடுவேன்," என்றார் அவர் நிதானமாக.

அத்தை முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவரோ மணிக்கட்டை நீட்டினார். "மாவு பெசைய முடியல தம்பி. கொஞ்சம் பாரேன்."

அந்த மனிதர் தயங்கி என்னைப் பார்த்தார். பிறகு அத்தையின் கையை வாங்கி, கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனார். அத்தை கண்ணோடு வாயையும் மூடியது எங்கள் குடும்ப வரலாற்றிலேயே அதிசயம். முடிந்ததும் அத்தை அவர் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"ராசியான கை. நல்லா இருக்கணும்பா நீ. ஞாயித்துக்கெழம வீட்டுக்குச் சாப்பிட வா."

அத்தை போனதும் சிரித்துத் தீர்க்கலாம் என்று திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதைய எடுக்க வேணாம் மிஸ்," என்றார். "இதையும் போடுங்க. அக்கா படிக்கட்டும்."