நான்காம் திரை

தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விலை எட்டாயிரம் ரூபாய். கெஞ்சினால் ஏழு.

இது பாளையங்கோட்டை ஜெனோ வைத்திருந்த விலை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரில் நடக்கும் இறுதிச் சடங்கை நேரலையில் அனுப்புவது அவன் தொழில். எதையும் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லி விற்கிறவன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் குறைத்துக் குறைத்தே சொன்னான். அதனால்தான் இது நடந்தது என்று நம்ப வேண்டியிருக்கிறது.

போன ஆகஸ்டில், ஏரலில் அந்தோணியம்மாள் இறந்துபோனார். மூத்த மகன் ஜோன்ஸ் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கப்பல் பிரேசில் பக்கம் நடுக்கடலில். வந்து சேர வழியில்லை. பெட்டியை மூடுவதற்குள் அம்மாவின் முகத்தை அவன் பார்த்தால்தான் உண்டு.

“அண்ணன் ஒருத்தனுக்காகத்தான் இது,” என்றாள் மகள் அஞ்சலின். “பெட்டி மூடுனதும் நிறுத்திருங்க. கோயிலுக்கும் கல்லறைக்கும் வேண்டாம்.”

“சரிக்கா. ஒரு ஆளு பாத்தாலும் ஆயிரம் ஆளு பாத்தாலும் ரேட்டு ஒண்ணுதான்.”

“சாவு வீட்லயும் கணக்கா இருக்கியள.”

கூடத்தில் பெட்டி. வாசல் பக்கம் ஒரு கேமரா, கால்மாட்டில் ஒன்று. கம்ப்யூட்டர் வைக்கப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். இறந்தவரின் அறை. மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். ஜன்னலில் ஒரு பாதி மாத்திரை அட்டை. வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

கம்ப்யூட்டரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். முதல் கார்டில் இரண்டு திரைகள், கேமராவுக்கு ஒன்றாக. இரண்டாவது கார்டில் மூன்றாம் திரை. அதில் என்ன தெரிகிறதோ அதுதான் கப்பலுக்குப் போகும்.

மதியம் 2:40. நேரலை தொடங்கியது. பார்வையாளர்: 1.

3:05. மூன்றாம் திரை கறுத்தது.

ஜோன்ஸிடமிருந்து செய்தி வந்தது. “தம்பி, ஒண்ணும் தெரியல.”

ஜெனோ கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். கறுப்பு. வேறு கேபிள். கறுப்பு. செட்டிங்ஸைத் திறந்தான். திரைகள்: நான்கு.

“வாங்குனது மூணு, ஒண்ணு கொசுறா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தெரிந்த கோளாறுதான். இல்லாத திரையை இருப்பதாக நினைத்து, படத்தை அங்கே அனுப்பிவிடும். இரண்டு நிமிட வேலை.

நான்கை நீக்கினான். திரும்ப வந்தது.

இரண்டாவது கார்டையே முடக்கினான். பட்டியலில் மூன்று போனது. நான்கு போகவில்லை.

கார்டை மறுபடி இயக்கினான். எந்தத் திரை எது என்று எண் காட்டும் பொத்தானை அழுத்தினான். முதல் திரையில் 1. அடுத்ததில் 2. கறுப்பின் மேல் 3.

நான்கு எங்கே காட்டியதோ...

மவுஸை வலப்பக்கம் தள்ளினான். அம்பு மூன்றாம் திரையைக் கடந்தது. சுவர்ப் பக்கம் போய் மறைந்தது. சுவருக்கு அப்பால் கூடம். பெட்டி.

இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

கையை எடுத்தான்.

வந்தது. பைய.

3:19. ஜோன்ஸின் செய்தி. “இப்ப நல்லாத் தெரியுது. இப்படியே இருக்கட்டும் தம்பி. மாத்திராதீங்க.”

ஜெனோ திரையைப் பார்த்தான்.

மூன்றாம் திரை இன்னும் கறுப்பு.

கூடத்தில் கடைசி முத்தம் தொடங்கிவிட்டது. இப்போது கைவைத்து, இருப்பதும் போய்விட்டால்? அந்த மகனுக்கு இன்னொரு தடவை கிடையாது. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

3:31. மூடி விழுந்தது. டொப்.

அழுகை வாசலுக்கு நகர்ந்தது. தெருவுக்கு. பிறகு அதுவும் இல்லை. வீட்டில் அவன் மட்டும்.

3:34. நேரலையை நிறுத்தினான். கம்ப்யூட்டரை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான்.

போனில் பார்த்தான். பார்வையாளர்: 1.

மேஜையில், வயர் கழற்றிய ஸ்பீக்கர்.

கர்ர்ர்... கர்ர்ர்...

பெட்டியைக் கொண்டுபோகும் வண்டியின் சக்கரம் உருளும் சத்தம்.

கேமராக்களையும் மற்றதையும் பெட்ஷீட்டில் வாரிக் கட்டித் தன் வண்டியில் போட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் பணத்தைக் கேட்கவும் இல்லை. ஜெனோவைத் தெரிந்தவர்களுக்கு இதுவே போதும்.

டிசம்பரில் ஜோன்ஸ் பாளையங்கோட்டைக் கடைக்கே வந்தான். கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒவ்வொருத்தரா குனிஞ்சு முத்தம் குடுத்தது எனக்கே குடுத்த மாதிரி இருந்துச்சு தம்பி. அஞ்சலின் கண்ணீரு சொட்டுதது தெரிஞ்சுது. அவ தலைக்கு மேல ஃபேன் சுத்துததுகூட.”

ஜெனோ கேட்டான். “நீங்க... அம்மா முகத்தப் பாக்கலையா?”

“மொதல்ல பாத்தேன். பெறவு இந்தப் படந்தான். மூடி வந்துச்சு, இருட்டிட்டு. ஆனா சத்தம் கேட்டுச்சு. பாட்டு. கோயில் மணி. பெறவு மண்ணு விழுத சத்தம். அதுக்கப்பறம் ஒண்ணுமில்ல. ஆனாலும் நான் போன வைக்கல. அம்மாவ அங்கன தனியா விட மனசு வரல. நம்ம நேரத்துக்கு ஆறு அம்பது, கப்பல்ல நெட்டு போற வரைக்கும் பிடிச்சிட்டே இருந்தேன்.”

அவன் பர்ஸைத் திறந்தான்.

“அவசரத்துல எடுக்க மறந்திட்டியபோல. பெட்டிக்குள்ளயே போயிட்டே, அந்தக் கேமராவுக்கு எவ்வளவு தரணும்?”

ஜெனோ அன்றிரவே கணக்குப் பார்த்தான். ஏரலுக்குக் கொண்டுபோன கேமரா இரண்டு. திரும்பக் கொண்டுவந்தது இரண்டு. அவன் அனுப்பியது ஐம்பத்து நான்கு நிமிடம். ஜோன்ஸ் பார்த்தது நான்கு மணி பத்து நிமிடம்.

மீதி, மூன்று மணி பதினாறு நிமிடம். அதை யார் பற்றில் எழுதுவது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.