சூனியக்காரியும் செத்தல் மிளகாயும்

பிள்ளைகளே, நானூறு வருடங்களுக்கு முன்னால் நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு படகு புயலில் மூழ்கித் தாண்டால், ஊரார் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "நீதான் சூனியம் செய்து புயலைக் கூப்பிட்டாய்!" என்பார்கள். கட்டிக் கடலில் போடுவார்கள். மிதந்தால் அவள் சூனியக்காரி. எரித்துவிடுவார்கள்!

இதைப் பற்றித்தான் என் மகள் வகுப்பில் பேச இருந்தாள். ஒரு வாரம் பழகினாள். நோர்வேயில் ரொம்மன் என்ற இடத்தில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த நோர்வேஜிய அம்மா படிக்கட்டில் நின்று கேட்டுவிட்டு, "என்ன அருமையான குரல்!" என்று சொல்லிப் போனார். அடுத்த நாள் பின்னேரம் மகளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விடிந்தால் பேச்சு!

"அந்த மனுசியின்ரை நாவூறுதான்," என்றேன். நாவூறு கழிக்க உப்பும் காய்ந்த செத்தல் மிளகாயும் எடுத்து அவள் தலையை மூன்று தரம் சுற்றினேன். விறகடுப்புக்கு எங்கே போவது? மின்அடுப்பில் சட்டியைக் காயவைத்து அதில் போட்டேன்.

புகை என்றால் அப்படியொரு புகை! நாங்கள் இருமி முடிவதற்குள் கூரையில் அலாரம் வீரிட்டது. கதவு இடிபட்டது. திறந்தால் அதே அம்மா! தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, "பிள்ளை எங்கே?" என்று கத்தினார்.

ஜன்னலைத் திறந்துவிட்டு மகள் கரகரத்த குரலில் கேட்டாள்:

"அப்பா, படகு தாண்டாலும் ஒரு மனுசி, என்ரை தொண்டை அடைச்சாலும் ஒரு மனுசியோ? அவையளும் இப்பிடித்தான் தொடங்கினவை."

"நான் ஆரையும் எரிக்கேல்லை, பிள்ளை."

"மிளகாயை எரிச்சனீங்கள்தானே!"

பிறகு நடந்ததெல்லாவற்றையும் நோர்வேஜிய மொழியில் அந்த அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் சொன்னார்:

"நான் அந்த வடக்குக் கரையில் பிறந்தவள். எரித்த இடத்தில் அந்தப் பெண்களின் ஆவி அழும் என்று எங்களைப் பயமுறுத்துவார்கள். ஆவிக்குப் பயந்தே வளர்ந்தோம். அவர்களைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை."

மகள் ஓடிப்போய்த் தன் தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். அந்த அம்மா அவளுக்குத் தேன் விட்ட தேநீர் கொண்டுவந்தார்.

பெற்றோரும் வந்து கேட்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நானும் அந்த அம்மாவும் பின்வரிசையில் இருந்தோம். குரல் கரகரத்தது, ஆனால் வந்தது!

"நேற்று என் அப்பா கீழ்வீட்டு அம்மாவைச் சூனியக்காரி ஆக்கினார்," என்றுதான் தொடங்கினாள்.

வகுப்பே திரும்பியது. அந்த அம்மா எழுந்து கையசைத்தார். என்ன செய்ய? அந்த அப்பா நான்தான் என்று நானும் கையைத் தூக்கினேன்.