பாதியில் நிறுத்தாமல் ஓட்டிய எண்பத்து மூன்று கிலோமீட்டர்

என் அப்பா கண்ணுசாமி போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, சங்ககிரி ரோட்டில் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய முதல் நீள்தூர ட்ரையத்லானுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், எட்டரை மணி நேரத்துக்குள். பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுத்தது நான்.

அப்பா இருபத்தொன்பது வருடம் ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடும் லாரியைத் திருச்செங்கோட்டில் ரிக் என்போம். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று வருடத்தில் பத்து மாதம் வெளியே இருந்தார். கம்ப்ரஸர் சத்தத்தில் இடது காது போனது. ஐம்பத்தாறு வயதில் ஊர் திரும்பினார். கோயம்புத்தூரில் நான் ஓடிய ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்தைப் பார்க்க வந்தவர், அடுத்த முறை தானும் ஓடினார். அப்புறம் ட்ரையத்லான் பற்றிக் கேள்விப்பட்டார். "நீச்சல் தெரியும், சைக்கிள் தெரியும். ஓடறதுதான் புதுசு. அதையும் பாத்தாச்சு" என்றார்.

நீச்சல் பழகியது உறவுக்காரர் தோட்டத்துக் கிணற்றில். விட்டம் பதினான்கு மீட்டர். தூரத்தை மீட்டரில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் இரும்பு ராடுதான் அவருக்கு அளவு. ஒரு ராடு இருபது அடி. 1.9 கிலோமீட்டர் என்பது முந்நூற்றுப் பன்னிரண்டு ராடு.

அவரோடு வேலை பார்த்த சுப்பையன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கேலி பேசுவார். "ஏனுங்கண்ணா, முந்நூறு ராடு எறக்கியும் தண்ணியக் காணோம், பொகைதான் வருது. மூட்டையக் கட்டுங்க, வேற எடத்துல பாயிண்டு பாப்போம்."

"நீ பாயிண்டு பாத்த லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே" என்று தண்ணீருக்குள்ளிருந்து பதில் வரும்.

ரிக் வேலையில் ஒரு விதி உண்டு. ராடு பாதியில் இறங்கும்போது நிறுத்தக் கூடாது. கம்ப்ரஸர் காற்று நின்றால், மேலே வந்துகொண்டிருக்கும் கல்தூள் திரும்ப இறங்கி, அடியில் பாறையை உடைக்கும் ஹேமரைச் சுற்றி இறுகிவிடும். அப்புறம் எடுக்க முடியாது. துளையும் போச்சு, ஹேமரும் போச்சு. கை கிழிந்தாலும் அந்த ராடை முடித்துவிட்டுத்தான் கட்டுப் போடுவார்கள். அப்பா பயிற்சியையும் அப்படித்தான் செய்தார். அட்டவணையில் இரண்டு மணி நேரம் என்று இருந்தால் இரண்டு மணி நேரம். பதினான்கு மாதத்தில் ஒரு நாளும் பாதியில் திரும்பவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆரம்பிக்கும் முன் இதயத்துக்கு டிரெட்மில் சோதனை எடுத்தோம். சரியாக இருந்தது. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நான் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் அவருடைய நாடித்துடிப்பை என் கைபேசிக்கு அனுப்பும். காலையில் எழும்போது அவருக்கு நிமிடத்துக்கு 54. ஜனவரி கடைசியில் அது ஏறத் தொடங்கியது. 57, 59, 62, 66. ஒன்று உடம்பு தாங்கவில்லை, இல்லை கருவி தப்பு. நான் அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தினமும் பார்ப்பது தப்பான கருவிகளைத்தான். அப்பாவின் இடது மணிக்கட்டில், சூடான ஹேமர் பட்டு வந்த பழைய தழும்பு உண்டு. கடிகாரம் தோலுக்குள் ஒளியைச் செலுத்தித் துடிப்பை எண்ணுகிறது. தழும்பு அதைக் கெடுக்கிறது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை போன் செய்து வலது கைக்கு மாற்றச் சொன்னேன்.

"சரி சாமி" என்றார். களைப்பாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை அம்மா கூப்பிட்டாள். "உங்கப்பா கெணத்துப் படியில மூணு எடத்துல உக்காந்து ஏறுனாரு கண்ணு. நான் சைக்கிளப் பூட்டிச் சாவிய எடுத்து வெச்சுட்டேன். நாளைக்கு உட வேண்டாம். அந்த வாட்சு என்னமோ கூட்டிக் காட்டுதுன்னாரே?"

"வாட்ச் தப்பும்மா. கையில தழும்பு இருக்குல்ல, அதனாலதான். கடைசி நீள சைக்கிள் பயிற்சி இது, அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் குறைச்சுருவோம்."

"உறுதியாத்தான் சொல்றியா?"

"ஆமாம்மா."

அன்று காலை வலது கையில் பதிவான எண் என் கைபேசியில்தான் இருந்தது. ஆய்வகத்தில் தணிக்கை நடந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

ஞாயிறு ஐந்தரைக்குக் கிளம்பினார். எடப்பாடியும் தாண்டிப் போய்த் திரும்பினார். எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் நின்றிருக்கிறார். கடைக்கார மயிலம்மாள் பிறகு எங்களிடம் சொன்னார்: "நெஞ்ச நீவிட்டே சோடா கேட்டாருங்க. வாயுன்னாரு. வேர்வை ஊத்துது. செத்த நேரம் படுங்கண்ணா, யாரையாச்சும் வரச் சொல்றேன்னேன். இன்னும் கொஞ்சந்தான், பாதியில நிறுத்துனா மாட்டிக்கும்னு சொல்லிட்டு ஏறிட்டாரு. என்ன மாட்டிக்கும்னு எனக்கு வெளங்கலீங்க."

அங்கிருந்து பதின்மூன்றாவது கிலோமீட்டரில் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அந்த வாட்சு பொய்யா, நெசமா?" தெரியாது என்றேன். அப்போது அது உண்மை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கோயம்புத்தூர் திரும்பிய பிறகுதான் சனிக்கிழமைப் பதிவைத் திறந்தேன். வலது கையில் 68. தழும்பு இல்லாத கை. அதுவும் போதாமல் கடிகாரத்தை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். நெஞ்சில் கட்டும் மின்முனைப் பட்டையோடு ஒப்பிட்டு, என் உடம்பில் நாற்பது முறை அளந்தேன். அதிகபட்சப் பிழை இரண்டு துடிப்பு. வேறு ஏதாவது வழியில் அந்தக் கருவி தப்பாக இருக்க முடியுமா என்று மூன்று நாள் தேடினேன். இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். போனில் சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

"வாட்ச் சரியாத்தான் காட்டியிருக்கும்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. நான்கைந்து கடலை உரித்தாள்.

"அப்ப நான் பூட்டுனது சரிதான்" என்றாள்.

"ஆமா."

"நீ படிச்ச புள்ள, தெரிஞ்சுதான் சொல்லுவேன்னு சாவியக் குடுத்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. மாலையில் பஸ் ஏறும் முன் சோறு போட்டாள், சாப்பிட்டேன். இப்போதும் வாரம் ஒரு முறை போன் செய்கிறாள். மழை, மாடு, சுப்பையன் பேரனுக்குக் காது குத்து, எல்லாம் சொல்வாள். அப்பாவைப் பற்றி நான் பேச்செடுத்தால், "சரி, வெக்கட்டுமா" என்பாள்.